காகத்துக்கு வைக்காத சோறு

மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடும் அமெரிக்கரான பில் எல்வரம், 2017 மார்ச் 24 அன்று வெளியிட்ட ‘எ குரோ லுக்ட் அட் மி’ (ஒரு காகம் என்னைப் பார்த்தது) அல்பத்தை, கிளிநொச்சியில் மின்சாரம் நின்றுபோன ஓரிரவில் கைபேசியிலேயே முதன்முறை முழுவதுமாகக் கேட்டேன். இன்டி ராக் என்னும் சுயாதீன ராக் இசையைத் தேடி வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: பெரும்பாலும் ஒரு கிற்றாரும், அடுத்த கதிரையில் இருந்து பேசுவது போன்ற தாழ்ந்த குரலும்தான்.

அவருடைய மனைவி ஜெனவியேவ் காஸ்ட்ரே சித்திரக்கதை ஓவியர், இசைக் கலைஞரும்கூட. 2015இல், மகள் பிறந்து சில மாதங்களிலேயே, அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 2016 யூலையில் இறந்துபோனார். அவர் உயிர்விட்ட அறையிலேயே, பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களைக் கொண்டே, அதே ஆண்டு முடிவதற்குள் எல்வரம் பதினொரு பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தார்.

முதற்பாடலில், இறந்தவரின் பெயருக்கு ஒரு வாரம் கழித்துத் தபாலில் ஒரு பொதி வருகிறது. பிரித்துப் பார்த்தால், மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போது கொண்டுபோவதற்கென்று தாய் யாருக்கும் சொல்லாமல் வாங்கிய புத்தகப்பை. எல்வரம் அதை எதனோடும் ஒப்பிடுவதில்லை. என் அப்பாவின் உடலருகே இருந்து அப்பம்மா வைத்த ஒப்பாரியில் அவர் பொன்னானார், தேரானார், சாய்ந்த பாலைமரமும் ஆனார். உவமை இல்லாமல் ஒருவரை அழுது அனுப்ப முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் உவமையை மறுக்கும் அந்த உறுதி இறுதிப் பாடலில் தளர்கிறது. காட்டுக்குள் மகளைச் சுமந்து நடக்கையில் ஒரு காகம் தொடர்கிறது. குழந்தை உறக்கத்தில் ‘காகம்’ என்று முணுமுணுக்க, அவர் அதில் மனைவியைக் காண்கிறார். அல்பத்தின் பலவீனம் இது என்று வேறொருவர் சொல்லக்கூடும். காகத்துக்கு வைக்காமல் விரதச் சோறு உண்ணாத ஊரில் பிறந்த என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

எல்வரம் நாட்களை எண்ணுகிறார், இறந்து இத்தனை வாரம், இத்தனை மாதம் என்று. சொல்ல வெட்கமாக இருந்தாலும், அந்தத் திகதிகள்மீது எனக்குப் பொறாமை வந்தது. ஆடி அமாவாசையில் அப்பாவுக்குப் படைத்து, காகம் வந்து தொடும்வரை பசியோடு காத்திருக்கும் அம்மா, 2009 மே மாதத்துக்குப் பின் திரும்பாத அண்ணாவுக்கு இன்றுவரை ஒரு பிடி சோறும் வைத்ததில்லை. வைத்தால் அவன் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கியபோது அம்மாவும் படத்தோடு போயிருந்தார். இந்த அல்பம் வெளியானது அதற்கு அடுத்த மாதம்.

பாடல்களின் கதையை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். காகத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, “அந்தப் பையைக் கொண்டுதானோ பிள்ளை பள்ளிக்கூடம் போகுது?” என்றார்.