ஆண்ட்டியின் கறியும் என் ஆங்கிலமும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்த புதிதில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மாவை அந்தத் தெருவே ஆண்ட்டி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். ரசம் வைப்பார், மாங்காய் ஊறுகாய் போடுவார், தமிழ் மட்டும் பேச வராது.

ஒருநாள் காலை என் கதவுப் பக்கம் திரும்பி, "ஃபில்தி!" என்று முகத்தைச் சுளித்தார். எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் படு அழுக்கு. பதறிப்போய், அந்தக் கொட்டுகிற மழையிலும் விளக்குமாற்றோடு இறங்கி வாசல்படியைத் தேய்த்துக் கழுவினேன். அவர் திட்டியது மழையையாம். இதைக் கழுவி முடித்த பிறகு சொல்கிறார்.

அப்புறம் எதிர்வீட்டுக்காரர் புது பென்ஸில் வந்து இறங்கியபோது அங்கிள் பெருமூச்சோடு "ஃபில்தி ரிச்" என்றார். கார் பளபளவென்றுதானே இருக்கிறது என்று நான் கேட்டுவைக்க, ஆண்ட்டி உள்ளே போய் அவருடைய அம்மா வைத்திருந்த தமிழ் பைபிளை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் பழுத்து, அட்டை நூலில் தொங்கியது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் நான்தான் வாசித்தேன். தீத்து முதல் அதிகாரத்தில் "இழிவான ஆதாயம்" என்று வருகிறது. அதே இடத்தில்தான் 1526-இல் பைபிளை மொழிபெயர்த்த டிண்டேல் ஆங்கிலத்தில் "ஃபில்தி லூக்கர்" என்று எழுதினார். பணத்தின் மேல் அழுக்கு ஒட்டியது அப்போது என்றால், பணக்காரன் மேல் ஒட்ட எவ்வளவு நேரமாகும்? நம் ஊரிலும் பணத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறோமே. ஃபில்தி என்ற சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தால், ஃபுட்பாலில் ரெஃபரி விசில் ஊதுகிற அதே ஃபவுல்தான்.

சரி, இதோடு விட்டதா? கிங்ஸ்மீட் மைதானத்தில் ஒரு பவுலர் இடுப்பு உயரத்துக்கு ஃபுல் டாஸ் போட்டுச் சிக்ஸர் வாங்கினார். "ஃபில்தி!" என்றார் அங்கிள், வெறுப்போடு. அடுத்த ஓவரில் வேறொருவர் போட்ட யார்க்கரில் நடு ஸ்டம்ப் எகிற, பேரன் எழுந்து நின்று "ஃபில்தி!" என்று கத்தினான், மெய்ம்மறந்து. நடுவில் உட்கார்ந்திருந்த நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். இந்தக் காலத்துப் பையன்களுக்கு அது 'செம' மாதிரி என்று இடைவேளையில் பேரன்தான் விளக்கினான்.

அடுத்த ஞாயிறு மதியம். உருளைக்கிழங்கு போட்ட மட்டன் கறி, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கிறது, கறிவேப்பிலை வாசனை தெருமுனை வரைக்கும். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டு மனதாரச் சொன்னேன்: "ஆண்ட்டி, கறி ஃபில்தி!"

அங்கிள் மெல்லுவதை நிறுத்தினார். ஆண்ட்டி சட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சட்டியைப் பார்த்தார். விளக்கம் சொல்ல வேண்டிய பேரனோ மேசைக்கடியில் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த ஞாயிறும் மட்டன்தான். எனக்கு மட்டும் பீன்ஸ் வந்தது.