கப்ரோவோ கண்காட்சியும் சித்தப்பாவின் தூரிகையும்

மீன்பிடித் தடைக்காலம். பாம்பன் கரையில் ஏற்றி வைத்த படகில் சித்தப்பா பெயர் எழுதிக்கொண்டிருந்தார், 'ஆ'வின் சுழியை மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் முடித்தார். அவரிடம்தான் கப்ரோவோ கதையைச் சொன்னேன். பல்கேரியாவில் மலையடிவார ஊர். பழைய தோல் தொழிற்சாலையை 1972 ஏப்ரல் 1 அன்று நகைச்சுவைக்கான கலைக்கூடமாகத் திறந்து, 1973-லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கண்காட்சி, ஓவியம், கேலிச்சித்திரம், சிற்பம் எல்லாம் பல நாடுகளிலிருந்து வரும். பூனை நுழைந்ததும் கதவைச் சட்டென்று மூடி வீட்டுச் சூட்டை மிச்சம்பிடிக்க அதன் வாலையே நறுக்குவோம் என்று தங்கள் சிக்கனத்தைத் தாங்களே சொல்லிச் சிரிக்கிற ஊர் அது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"சரிப்பா, நம்ம ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனைச் சுவர் ஓவியத்தை நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் பார்த்திருக்கு?" என்றார் சித்தப்பா.

லீவு முடிவதற்குள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போகிறோம். சித்தப்பாவும் வருகிறார்.