ஓட்டை உடைசலில் எழுந்த ஊர்

தூரத்தில் இருந்து பார்த்தபோது அந்தப் பெண் சிலைகளுக்குப் பளபளவென்று ஏதோ சாயம் பூசியிருப்பதாகத்தான் நினைத்தேன். கிட்டே போய்க் குனிந்தபோதுதான் தெரிந்தது, அத்தனையும் கண்ணாடி வளையல் துண்டுகள். பச்சை, சிவப்பு, கருநீலம். ஒவ்வொன்றும் நகத்துணுக்கு அளவு வளைவு. சிமெண்ட் காய்வதற்குள் ஒன்றை ஒட்டி ஒன்றாக அழுத்திப் பதித்து, ஒருத்திக்கு உடுப்பு செய்திருக்கிறார் மனிதர். சில துண்டுகளில் பொன்கோடு இன்னும் அழியவில்லை. அவளுக்குப் பின்னால் அதே மாதிரி உடுப்போடு ஒரு கூட்டமே நிற்கிறது.

சண்டிகர் ராக் கார்டன் இது. செக்டர் 1-ல், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில். இதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போனேன்.

சண்டிகர், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே திட்டமிட்ட நகரம். சாலையெல்லாம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேராக ஓடும். அந்த நேர்க்கோடுகள் வருவதற்காக அங்கிருந்த கிராமங்களைக் காலி செய்து இடித்தார்கள். ஓடு, சட்டிபானை, பீங்கான், வளையல் என்று ஜனங்கள் புழங்கிய சாமான்கள் குப்பையோடு குப்பையாயின. இந்தச் சிலைகளைச் செய்த நேக் சந்த் பொறுக்கியது அதைத்தான்.

அவரும் ஊரை இழந்தவர். 1924-ல் அவர் பிறந்த கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. பிரிவினையில் இந்தப் பக்கம் வந்து, சண்டிகரில் சாலை ஆய்வாளராக அரசு வேலை பார்த்தார். 1950-களின் கடைசியில் இருந்து, வேலை முடிந்ததும் சைக்கிளில் கல்லும் உடைசலும் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போவாராம். கட்டடம் எதுவும் எழுப்பக் கூடாது என்று ஒதுக்கி வைத்த அரசு நிலம் அது. இரவில் பழைய டயரைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் வேலை. பத்து வருஷத்துக்கும் மேலாக வெளியே தெரியவில்லை. 1970-களில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது இடிக்க வேண்டும் என்றுதான் பேச்சு எழுந்தது. ஆனால் பார்க்க வந்த ஜனம் விடவில்லை. 1976-ல் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சம்பளமும் உதவிக்கு 50 ஆட்களும் கொடுத்து, இதையே அவருக்கு வேலையாக்கினார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே அந்த நிர்வாகத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வாசல்கள் எல்லாம் தாழ்வானவை. நானும் தலையைக் குனிந்துதான் ஒவ்வொரு முற்றத்துக்குள்ளும் நுழைந்தேன். ஒரு சுவர் முழுக்க பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், வெள்ளை வெளேரென்று. எத்தனை வீட்டு விளக்குகள் அதன் வழியாக எரிந்திருக்கும்! இன்னொரு இடத்தில் ஒரு விலங்கின் காலில் சிமெண்ட் பெயர்ந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. பழைய சைக்கிள் சட்டங்களைத்தான் எலும்பாக வைத்தாராம். அதன் மேல் சிமெண்டும் மணலும், அதற்கும் மேலே உடைந்த பீங்கானோ வளையலோ. அந்த விரிசலுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். முழுசான சிலை சொல்லாததை அது எனக்குச் சொன்னது.

அருவி, ஊஞ்சல் பக்கம் எல்லாம் நல்ல கூட்டம். எனக்கு மனம் அங்கே நிற்கவில்லை. துணியில் செய்த பொம்மைகளை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் சிலைகளிடமே வந்துவிட்டேன்.

நேக் சந்த் 2015-ல் காலமானார். 2025 மார்ச்சில், உயர் நீதிமன்றப் பக்கம் சாலையை அகலப்படுத்த இந்தத் தோட்டத்துச் சுவரிலேயே ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். இடிபட்ட வீடுகளின் மிச்சத்தில் எழுந்த இடத்தையே இடிக்க எப்படித்தான் கை வந்ததோ. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம், வளையல் பெண்களுக்கு முன்னால் வயதான ஒரு பஞ்சாபி அம்மா வந்து நின்றார். தன் கையைச் சிலையின் இடுப்புக்கு நேராக நீட்டி, அணிந்திருந்த பச்சை வளையலையும் பதித்திருந்த துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்குப் பஞ்சாபி தெரியாது. நானும் தலையாட்டினேன். அவர் அந்தத் துண்டை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டு இருக்கும்போதே, நேரமாகிவிட்டது என்று காவலர் விசில் ஊதினார்.