பிலானஸ்பர்க்கில் அக்கா மகனோடு

தக்கலையில் இருக்கிற என் அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் கீமோவின் கடுமையான கட்டம் முடிந்து, இப்போது தினமும் மாத்திரை. கட்டிலில் கிடந்த காலம் முழுக்க அவன் பார்த்தது ஆப்பிரிக்கக் காட்டு வீடியோக்கள்தான். "மாமா, ஒருநாள் என்னைய அங்க கூட்டிட்டுப் போவியளா?" என்று கேட்டான். போகலாம் மக்களே என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மாற்ற முடியுமா?

ஆப்பிரிக்கா என்றதும் எல்லோரும் சொன்னது கென்யா. ஜூலை முதல் அக்டோபர் வரை, வைல்ட்பீஸ்ட் என்ற பெரிய மான் இன விலங்குகள் லட்சக்கணக்கில் கூட்டமாக மாரா ஆற்றைக் கடக்கும் மசாய் மாரா காப்பகம். ஆனால் கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அதற்கான தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். இவனைப் போல எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு அதைப் போடக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஊசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். அக்கா முகம் வாடிப்போனது.

டாக்டரே வேறு வழி காட்டினார். தென்னாப்பிரிக்காவுக்கு அந்த ஊசி வேண்டாம். அங்கேயும் பேர்பெற்ற குருகர் பூங்காவில் மலேரியா உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போகக்கூடிய பிலானஸ்பர்க் வனவிலங்குப் பூங்காவில் மலேரியா இல்லை. விமானமும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக மாறினால் மறுபடி மஞ்சள் காய்ச்சல் பிரச்சினை வரலாம். அதனால் திருவனந்தபுரத்திலிருந்து துபாய், அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அத்தான் துபாயில் எங்களோடு சேர்ந்துகொண்டார். பணத்துக்கு அக்கா நகை போனது, என் சீட்டுப் பணமும் போனது. அதை விடுங்கள்.

புறப்படுவதற்கு முன் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, பார்த்தோம். குறைந்திருந்தால் டிக்கெட் போனாலும் பயணம் கிடையாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். மாத்திரைகளும் டாக்டர் கடிதமும் கைப்பையில். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே ஓட, ருஸ்டன்பர்க் நகரத்தில் ஒரு மருத்துவமனையைக் குறித்து வைத்தோம். சமையல் வசதியுள்ள அறை எடுத்து, கொதித்து ஆறிய வெள்ளம், கஞ்சி, பயறு என்று அக்காவே பார்த்துக்கொண்டாள்.

பிலானஸ்பர்க் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அணைந்துபோன எரிமலையின் மிச்சம். வட்டம் வட்டமாகக் குன்றுகள், நடுவே மான்க்வே அணை. ஒருகாலத்தில் இது விவசாய நிலம். 1979இல் தொடங்கிய ஆபரேஷன் ஜெனிசிஸ் திட்டத்தில் ஆயிரக்கணக்கான விலங்குகளைக் கொண்டுவந்து விட்டு, காட்டைத் திரும்ப உண்டாக்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கக் குளிர்காலமான ஜூலையில் புல் காய்ந்து குட்டையாகி, விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். திறந்த ஜீப்பில் அதிகாலைக் குளிரும் தூசியும் அவனுக்கு ஆகாது. தார்ச்சாலை இருப்பதால் கண்ணாடி ஏற்றிய காரிலேயே சுற்றினோம், ஒரு ஓட்டுநரை வைத்துக்கொண்டு. களைத்தால் உடனே திரும்பிவிடலாம்.

அணைக்கரையில் யானைக் கூட்டம் வந்தது. அதுவரை அத்தான் தோளில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, அங்க பாருங்க! குட்டி பால் குடிக்குது, அம்மைக்கும் கொம்பு இருக்கு!" நம் கீரிப்பாறைப் பக்கத்துக் காட்டு யானைகளில் கொம்பன் என்ற ஆண் யானைக்குத்தான் கொம்பு, அதாவது தந்தம். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் உண்டு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே கண்டுபிடித்தது எனக்கு இன்றும் நினைக்க நினைக்கச் சந்தோஷம். குட்டி தாயின் காலிடுக்கில் புகுந்து புகுந்து வர, இவனும் அக்கா மடியில் ஏறிக்கொண்டான். அன்று கஞ்சியை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் மாலை, பக்கத்துச் சாலையில் சிங்கம் படுத்திருப்பதாக ஓட்டுநர் சொன்னார். "தூக்கம் வருது மாமா, ரூமுக்குப் போவோம்" என்றான். போய்விட்டோம். இவ்வளவு தூரம் வந்து சிங்கம் பார்க்காமலா என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். அவன் உடம்பு சொன்னதைத்தான் கேட்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊர் திரும்பியதும் மறுபடி ரத்தப் பரிசோதனை. கவுண்ட் நன்றாகவே இருந்தது. டாக்டர் படம் கேட்டார். அவன் என் போனை வாங்கி, குட்டி யானையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான். அடுத்த டோக்கனைக் கூப்பிட வந்த நர்ஸும் நின்று பார்த்தார்.