பாத்திகளுக்கு நடுவே உள்ள தடத்தில் என்ன போடலாம்? மட்டை, உமி, செங்கல், பொடுதலை

காய்கறித் தோட்டத்தில் களைக்கொத்துக்கு அதிக வேலை வைப்பது பாத்தி அல்ல, பாத்திகளுக்கு நடுவே நாம் நடக்கிற தடம். கத்தரியும் வெண்டையும் இலை விரித்து நிழல் கட்டிவிட்டால் பாத்திக்குள் களை பாதியாக அடங்கிவிடும். தடத்தில் அந்த மறைப்பு கிடையாது. முழு வெயிலும், பாத்தியிலிருந்து கசியும் தண்ணீரும், அதோடு கரைந்து வரும் எருச்சத்தும் அங்கே வளரும் கோரைக்குப் போகின்றன.

பொள்ளாச்சிப் பக்கம், செம்மண் பூமி. பாத்திகள் 4 அடி அகலம். இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் நடுவரை கை எட்டும், பாத்தியை மிதிக்க வேண்டாம். தடங்கள் 2 அடி. கூடையைப் பக்கத்தில் வைத்துக் குந்தி உட்கார அது போதும். மண்ணை மூடிக் களையை அடக்கி வைக்கிற, அடிக்கடி கவனிக்கத் தேவையில்லாத ஒரு மூடாக்கு வேண்டும் என்று, தடத்துக்கு ஒரு பொருளாகப் போட்டு எல்லாப் பருவத்திலும் பார்த்தேன்.

எங்கள் ஊரில் இதற்கு மூன்று சோதனைகள் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை. சித்திரை வெயில். இவற்றோடு நான் சேர்த்துக்கொண்ட இன்னொன்று, வெறுங்காலோடு நடக்க முடிய வேண்டும். தோட்டத்துக்குள் செருப்போடு போகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

எதைப் போடுவதற்கும் முன்னால் கோரையைப் பார்க்க வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கோரைக் கிழங்குகள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு போகும். மேலே இருப்பதைப் பிடுங்கினால் அடுத்த கிழங்கு முளைக்கும். அதன் ஊசி முனை பிளாஸ்டிக் தாளையே துளைத்து வெளியே வந்துவிடும். பங்குனியில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் அடைத்து 4 முதல் 6 வாரம் விடுகிற முறை இருக்கிறது. மேல்மண்ணில் கிடக்கும் களை விதைகளில் பெரும்பகுதி அந்தச் சூட்டில் செத்துவிடும். ஆழத்தில் இருக்கும் கோரைக் கிழங்கு பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே தாளை எடுத்த பிறகு கடப்பாரையால் மண்ணை இளக்கி, கிழங்கைத் தொடர்ந்து போய்ப் பொறுக்கி எடுப்பது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கோரைக்கு நிழல் ஆகாது என்பது ஒன்றுதான் நமக்குச் சாதகம். மிச்சமிருக்கும் கிழங்கைக் கனமான மூடாக்கு மெல்ல மெல்லச் சோர்வடையச் செய்யும்.

முதலில் உமி. அரிசி ஆலையில் எளிதாகக் கிடைக்கும். சிலிக்கா நிறைந்திருப்பதால் சீக்கிரம் மக்காது, காலுக்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் ஆடிக் காற்று அதை அள்ளிக்கொண்டுபோய்க் கீரைப் பாத்தியில் கொட்டியது. ஐப்பசி மழையில் மீதியும் மிதந்து கிளம்பியது. உமியோடு வந்த ஒன்றிரண்டு நெல் வேறு முளைத்தது. காற்று அடைபட்ட, நான்கு பக்கமும் சுவர் உள்ள இடத்துக்கு உமி நல்ல பொருள்தான். எங்கள் வெட்டவெளிக்கு அது ஒத்துவராது.

நிலக்கடலைத் தொலியையும் பலர் போடுகிறார்கள். நான் போடவில்லை. காரணம் எலி மட்டுமில்லை. கடலையில் தண்டழுகலை உண்டாக்கும் ஸ்கிளிரோசியம் பூஞ்சை தக்காளியையும் மிளகாயையும் சேர்த்தே தாக்கும். மக்காத கழிவுகளில் அது செழித்து வளரும். எந்தக் காட்டில் விளைந்த கடலை என்று தெரியாத தொலியைத் தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் கொண்டுவந்து கொட்ட மனம் வரவில்லை.

வீட் மேட் என்று விற்கும் கறுப்புப் பின்னல் விரிப்பு நாற்றுப்பண்ணைகளில் அருமையாகப் பயன்படுகிறது. அங்கே மேலே தொட்டிகள் நிற்கும், தினமும் கூட்டுவார்கள். நம் தடத்தில் மண் தூசியும் சருகும் அதன் மேலேயே படிந்து, அந்தப் படிவில் களை விதை முளைத்து, வேர் பின்னலுக்குள் இறங்கிவிடுகிறது. அதைப் பிடுங்கினால் விரிப்பும் நூல் நூலாகப் பிரிந்து வரும். அந்தப் பிளாஸ்டிக் இழை மண்ணோடு சேர்வதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. ஜல்லிக்கும் இதே கதைதான்: கல்லிடுக்கில் சருகு விழுந்து மண்ணாகும், அதில் களை வரும். சித்திரையில் கால் வைக்க முடியாது. பக்கத்துப் பாத்தியின் ஓரச் செடிகளையும் அந்த அனல் வாட்டும்.

செங்கல் வேறு தரம். கிணற்றடியிலிருந்து தோட்டத்துக்குள் நுழையும் பிரதான தடத்துக்கு, வீட்டில் கிடந்த பழைய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, அடியில் மணல் பரப்பிப் பதித்தேன். எருக்கூடை தூக்கி வரும்போது கால் உறுதியாக நிற்கிறது. மழைக்காலத்தில் நிழல் விழும் பக்கம் பாசி பிடித்து வழுக்கும். தென்னந்துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்தால் போய்விடுகிறது. எல்லாத் தடத்துக்கும் செங்கல் என்றால் செலவும் உழைப்பும் தாங்காது. பாத்தியை மாற்றி அமைக்க நினைத்தால் பெயர்த்தெடுக்கவும் வேண்டும்.

எனக்கு நிலைத்தது தேங்காய் மட்டை. தோப்பில் காய் உரித்த மட்டை குவிந்து கிடக்கும் ஊர் இது; நார் ஆலைகளும் நிறைய. கோரை பொறுக்கிய தடத்தை முதலில் பாத்தியைவிடத் தாழ்வாக, ஒரு முனைக்குச் சரிவாக வெட்டிக்கொண்டேன். மழைத் தண்ணீர் வடியவும் அதுதான் வழி. சொட்டுநீர்க் குழாய் குறுக்கே போகும் இடங்களில் ஒரு பிவிசி குழாயைப் புதைத்து அதற்குள் செலுத்திவிட்டேன். மிதிபடாது, பழுது வந்தால் உருவிக்கொள்ளலாம். பிறகு தடம் முழுக்க மட்டைகளை நெருக்கி அடுக்கினேன். அடுக்கும்போது பார்த்துக்கொண்டிருந்த அம்மிச்சி சொன்னார்: “குப்புறக் கவுத்துப் போடு கண்ணு. நிமுத்திப் போட்டா மழைத்தண்ணி நின்னு கொசுப்புழு வெச்சுப்போடும்.” தென்னந்தோப்பில் மட்டை புதைக்கும்போது குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், ஈரம் பிடிப்பதற்காக, அந்தப் பலன் 5 முதல் 7 ஆண்டுவரை இருக்கும். தடத்தில் அதற்கு நேர் எதிர்.

முழு மட்டை மட்டும் கிடந்தால் காலடியில் ஆடும். அதனால் இடுக்குகளில், மட்டையிலிருந்து நார் பிரித்த பிறகு ஆலையில் மிஞ்சும் தூளான நார்க்கழிவை நிரப்பி, தண்ணீர் தெளித்து, நன்றாக மிதித்து இறுக்கினேன். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு மட்டைத் துண்டுகள். நார்க்கழிவு மட்டும் மேலே கிடந்தால் காய்ந்தபோது பறக்கும், நனைந்தபோது காலில் செந்நிறச் சேறாக ஒட்டும். துண்டுகள் அதை அமுக்கி வைக்கின்றன. ஆடிக் காற்றில் எதுவும் நகரவில்லை. ஐப்பசி மழை வடிந்த மறுநாளே நடக்க முடிந்தது. கோரை அங்கங்கே தலைகாட்டத்தான் செய்கிறது, ஆனால் பொலபொலப்பான அடுக்கு என்பதால் நீளமாக, சுலபமாக உருவி வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கரையான் வரும். எங்கள் பாத்திகளின் ஓரம் ஹாலோ பிளாக் என்பதால் கவலையில்லை. மரப்பலகை வைத்துப் பாத்தி கட்டியவர்கள் இதைப் போட வேண்டாம். மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தைகள் மட்டைக்கடியில் ஒதுங்குகின்றன. பொழுது சாய்ந்ததும் டார்ச் அடித்துப் பொறுக்கினால் அவையெல்லாம் ஒரே இடத்தில் அகப்படுவது ஒரு வசதி. தேளுக்கும் பூரானுக்கும் இது நல்ல இடம் என்பதால் மட்டையை வெறுங்கையால் புரட்டுவதில்லை.

மக்கவைக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் ஏறத்தாழ 112:1. அதை அப்படியே பாத்தி மண்ணோடு கிளறினால் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறையில் யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மக்கவைத்தால் அது 24:1 அளவுக்கு இறங்குகிறது. தடத்தின் மேலே கிடக்கும்வரை பக்கத்துச் செடிகளில் எந்த வெளிறலும் நான் பார்க்கவில்லை. அடியில் கறுத்து, மட்கி, மண்புழு ஏறிய பகுதியை மட்டும் வாரிப் பாத்திக்குப் போட்டுவிட்டு, மேலே புது மட்டை சேர்க்கிறேன். தோட்டத்துக்கே உரமாகத் திரும்பும் மூடாக்கு என்பதால்தான் இதன்மீது எனக்கு இவ்வளவு பிடிப்பு.

ஒரு தடத்தில் மட்டும் பொடுதலை. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மிதித்தாலும் எழுந்துவிடும். சின்னப் பூக்களுக்குத் தேனீக்கள் வருகின்றன, பூசணிக்கும் பாகலுக்கும் அது உதவிதான். தலைப்பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச இலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் பாத்திக்குள் ஏறப் பார்க்கும். ஓரத்தை மண்வெட்டியால் அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும். முதல் முறை அடர்ந்து மூடும்வரை நடுவே வரும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். தேனீ இருக்கும் என்பதால் காலைப் பொழுதில் அந்தப் பக்கம் பிள்ளைகளை வெறுங்காலோடு விடுவதில்லை.

இப்போதைக்குப் பிரதான தடம் செங்கல், பக்கத் தடங்கள் மட்டை, பந்தலை ஒட்டிய ஒன்று பொடுதலை. உமி இருந்த தடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அங்கே கோரை பொறுக்கும் வேலை பாதி முடிந்திருக்கிறது. புரட்டாசிக்குள் முடித்து, மழைக்கு முன்னால் மட்டை அடுக்கிவிட வேண்டும்.