பழனி, குறிஞ்சி ஆண்டவர், பூம்பாறை: மூணு முருகனையும் ஒரே பயணத்துல நிம்மதியா கும்பிட்டு வர

பழனி மலை மேல சன்னதி முன்னாடி நிக்கிற அந்த கொஞ்ச நேரத்துக்காகத்தான் எல்லாரும் இவ்ளோ தூரம் வர்றோம். ஆனா வரிசையில நிக்கிறவங்க பேச்ச காது குடுத்து கேட்டீங்கன்னா பாதி பேருக்கு மனசு அங்க இல்ல, செருப்ப எங்க விட்டோம், போன் டோக்கன் யார்ட்ட இருக்கு, அம்மாவுக்கு முட்டி வலிக்குதே எப்படி இறங்க போறாங்க, இதுலயே ஓடிட்டு இருக்கும். முருகன் முன்னாடி போய் நிக்கிறப்ப இதெல்லாம் தலையில இருக்கக்கூடாதுங்க. இந்த கவலைய எல்லாம் அடிவாரத்துலயே எறக்கி வச்சிட்டு போகணும்னா வீட்லயே கொஞ்சம் யோசிச்சு கிளம்பணும்.

இந்த தடவ அம்மா, பெரியப்பா, அக்கா, அக்கா பிள்ளைங்க ரெண்டு பேருன்னு குடும்பத்தோட போனோம். பழனி, அப்படியே மலை ஏறி கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர், அதுக்கும் மேல பூம்பாறை குழந்தை வேலப்பர். மூணும் ஒரே பழனி மலைத்தொடர்ல இருக்கிற முருகன் கோயில், மேல இருக்கிற ரெண்டும் பழனி தேவஸ்தானத்த சேர்ந்ததுதான். கொடைக்கானல்னாலே டூர்னு நினைக்கிறவங்க நிறைய பேர், ஆனா எங்க பெரியப்பா சொல்ற மாதிரி "கீழ ஆண்டியா நிக்கிறவர பாத்துட்டு மேல கொழந்தையா இருக்கிறவர பாக்காம வரலாமாப்பா?" அது சரிதானே.

முதல்ல பழனி. முடிஞ்சா முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கிடுங்க. தேவஸ்தானத்தோட தண்டபாணி நிலையம் இருக்கு, தனியார் லாட்ஜும் ஏகப்பட்டது இருக்கு, ஆனா தைப்பூசம், பங்குனி உத்திரம், மாச கார்த்திகை, வெள்ளி சனி ஞாயிறு சேர்ந்தாப்ல வர்ற லீவு, இந்த நாள்ல எல்லாம் ரூம் இல்லாம ராத்திரி பிள்ளைங்கள வச்சிக்கிட்டு அலைய வேண்டி வரும், அதனால முன்கூட்டியே போட்டு வச்சிடுங்க. வயசானவங்க கூட வந்தா கூட்டமான நாள தவிர்த்துட்டு சாதாரண செவ்வாய் புதன் மாதிரி பாருங்க (செவ்வாயும் ஆடி, தை மாசத்துல கூட்டம் அள்ளும், அதையும் பாத்துக்கங்க).

சாயங்காலமே வந்ததுல இன்னொரு நல்லது, சாயரட்சையில, அதாவது சாயங்கால பூஜையில, ராஜ அலங்காரம் பாக்கலாம். ஆண்டிக்கோலத்துல நிக்கிற அதே தண்டாயுதபாணி அந்நேரம் ராஜாவா நிக்கிறத பாத்து அம்மாவுக்கு கண்ணு நெறஞ்சிடுச்சு. மறுநாள் விடியக்காலம் திரும்ப மலை ஏறி விஸ்வரூப தரிசனம், நடை திறந்ததும் கிடைக்கிற முதல் தரிசனம். ராத்திரி சாமிக்கு சாத்துன ராக்கால சந்தனத்தையும் அபிஷேக தீர்த்தத்தையும் காலையில பிரசாதமா தருவாங்க, ஒன்பது பாஷாணம் சேத்து செஞ்ச நவபாஷாண திருமேனிய தொட்ட சந்தனம்னு பக்தருங்க அத உயிரா மதிக்கிறாங்க, எங்க பெரியப்பா அந்த சந்தனத்த ஒரு சின்ன டப்பால வாங்கி வச்சிக்கிட்டாரு. சின்ன டப்பா ஒண்ணு கையோட எடுத்துட்டு போங்க, பேப்பர்ல மடிச்சா வீட்டுக்கு வர்றதுக்குள்ள காஞ்சி உதிர்ந்துடும்.

மலை ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துல திருஆவினன்குடி கோயில். மூணாம் படைவீடுன்னு நக்கீரர் பாடினது இந்த இடத்தத்தான், ஆனா ரோப்கார் வரிசைக்கு ஓடுற அவசரத்துல முக்கால்வாசி பேர் இத தாண்டி போயிடுறாங்க. மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும் எனக்கு அத பாக்கறப்ப. முதல்ல இங்க கும்பிட்டுட்டு அப்புறம் மேல போறதுதான் முறை.

இப்ப ஏறுற விஷயம். கிட்டத்தட்ட 690 படி. முட்டி நல்லா இருந்தா படியில ஏறுங்க, அரோகரா சொல்லிட்டே ஏறுறவங்க கூட சேர்ந்து போனா களைப்பே தெரியாது. படி முடியாது ஆனா நடக்க முடியும்னா யானைப்பாதை இருக்கு, சரிவா போகும், நடுவுல உக்காந்து உக்காந்து போகலாம், எங்கம்மா அதுலதான் வந்தாங்க. நடக்கவே முடியாதவங்களுக்கு வின்ச், தண்டவாளத்துல கம்பிக்கயிறு கட்டி மேல இழுக்கிற வண்டி, அது 1966லேந்து ஓடுது, அப்புறம் 2004ல வந்த ரோப்கார். இதுல முக்கியமா தெரிஞ்சிக்க வேண்டியது, ரோப்கார் பலமா காத்தடிச்சாலோ மழை பெஞ்சாலோ நிறுத்திடுவாங்க, மதியம் ஒரு மணி நேரம் பராமரிப்புக்கு நிக்கும், மாசத்துல ஒரு நாள், வருஷத்துக்கு ஒரு தடவ பல நாளு மொத்தமாவே நிறுத்தி வேலை பாப்பாங்க. அதனால வயசானவங்கள ரோப்கார்ல ஏத்திட்டு போறவங்க "இது நின்னா வின்ச்ல இறங்குவோம்"னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிக்கங்க. ரெண்டோட ஸ்டேஷனும் மலைய சுத்தி இருக்கிற கிரிவீதியில வேற வேற பக்கம் இருக்கு, ஒண்ணுல ஏறி இன்னொண்ணுல இறங்குனா செருப்பும் பையும் அந்த பக்கம் கிடக்கும், பெரியவங்க வெறுங்காலோட சூட்டுல சுத்தி நடக்கணும். செருப்ப ரூம்லயோ வண்டியிலயோ விட்டுட்டு போறதுதான் ஒரே வழி.

கிரிவீதிக்குள்ள இப்ப தனியார் வண்டி விடறதில்ல. கோர்ட் உத்தரவு. ஆட்டோவும் ஓரளவுக்குத்தான் வரும், அதுக்கப்புறம் நடை, இல்லன்னா தேவஸ்தானத்தோட பேட்டரி வண்டி. பெரியவங்களுக்கு இந்த நடையையும் கணக்குல வச்சிக்கங்க. எனக்கு என்னமோ இந்த மாத்தம் வந்ததுலேந்து கிரிவலம் வர்றது ரொம்ப நிம்மதியா இருக்கு, ஹாரன் சத்தம் இல்லாம வேல் வேல்னு சொல்றது மட்டும் கேக்குது.

அடுத்தது போன். 2023 அக்டோபர்லேந்து மலைக்கோயிலுக்குள்ள செல்போன் கொண்டு போகக்கூடாது, கவுண்டர்ல குடுத்து டோக்கன் வாங்கிக்கணும். நல்ல விஷயம்னுதான் நான் சொல்லுவேன். ஆனா போன் இல்லன்னா என்னென்ன நின்னு போகும்னு யாரும் யோசிக்கறதில்ல. மேல ஜிபே பண்ண முடியாது, அர்ச்சனை, உண்டியல், பிரசாதம் எல்லாத்துக்கும் கையில காசு வேணும், அதுவும் பத்து இருபது ஐம்பதா சில்லறை. அடுத்தது, கூட்டத்துல பிரிஞ்சா கூப்பிட வழியில்ல. எங்க முன்னாடி வரிசையில நின்ன ஒரு குடும்பத்துல பாட்டி தனியா வெளிய வந்துட்டாங்க, மக்க மனுசர காணோம்னு அழுதுட்டாங்க பாவம். நாங்க ஏறுறதுக்கு முன்னாடியே "யார் பிரிஞ்சாலும் தங்கக்கொடிமரத்துக்கிட்ட வந்து நிக்கணும், அங்கேந்து நகரக்கூடாது"ன்னு பேசி வச்சிருந்தோம். பிள்ளைங்க சட்டைப்பையில பேரும் அக்கா நம்பரும் பேப்பர்ல எழுதி வச்சாச்சு. பெரியவங்களுக்கும் எழுதி குடுங்க, இப்ப யாருக்கு யார் நம்பர் மனப்பாடமா தெரியுது?

சுகர் பிரஷர் மாத்திரை போடறவங்க அந்த வேளை மாத்திரைய கையோட எடுத்துட்டு போகணும், வரிசை எவ்ளோ நேரம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. பிஸ்கட் ஒரு பாக்கெட், தண்ணி. அவ்ளோதான், பெரிய பை வேண்டாம். தரிசனம் முடிஞ்சதும் வெளிய ஓடாதீங்க, போகர் சன்னதி இருக்கு, நவபாஷாணத்துல சாமிய செஞ்ச சித்தரோட ஜீவசமாதி அங்கதான்னு நம்பிக்கை, ஒரு அஞ்சு நிமிஷமாவது கண்ண மூடி உக்காருங்க.

அக்கா பையனுக்கு முடி காணிக்கை வேண்டுதல் இருந்துச்சு. மொட்டை போட்டு சந்தனம் தடவியாச்சு, அழகா இருந்தான். பழனில மொட்டை போட்டுட்டு அன்னைக்கே கொடைக்கானல் ஏறுறவங்க கண்டிப்பா கம்பளிக் குல்லா எடுத்துட்டு வாங்க. கீழ வேர்க்கும், ஒரு ரெண்டு மூணு மணி நேரத்துல 7000 அடிக்கு போயிடுறோம், மொட்டத்தலையில அந்த குளிர் பட்டா பிள்ளைக்கு ராத்திரியே சளி பிடிச்சிடும். அக்கா ரெண்டு குல்லா பின்னிக்கூட வச்சிருந்தா.

பஞ்சாமிர்தம் தேவஸ்தான ஸ்டால்ல வாங்குங்க, 2019ல புவிசார் குறியீடு வாங்குன பிரசாதம் அது. மலை ஏறுறதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு அள்ளி அள்ளி குடுக்காதீங்க, வளைவுல எல்லாம் வெளிய வந்துடும். ஊருக்கு போய் சாப்பிட்டுக்கலாம்.

பழனிலேந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர் வாக்குல. வரதமாநதி அணைய தாண்டுனதும் ஏத்தம் ஆரம்பிச்சிடும், சவரிக்காடு வழியா போய் பெருமாள்மலைக்கிட்ட வத்தலக்குண்டு ரோட்டுல சேரும். டீசல் பெட்ரோல பழனிலயே போட்டுக்கங்க. இ-பாஸ் இல்லாம சொந்த வண்டியில போக முடியாது, 2024 மே மாசத்துலேந்து இருக்கு, காசு இல்ல, ஆன்லைன்ல எடுக்கலாம், ஆனா 2025 ஏப்ரல்லேந்து சீசன்ல ஒரு நாளைக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000 வண்டின்னு வரம்பு போட்டாங்க, அதனால கிளம்புற அன்னைக்கு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. எடுத்ததும் ஸ்கிரீன்ஷாட் போட்டு வச்சிக்கங்க, இல்ல பிரிண்ட் எடுங்க, மலையில சிக்னல் போயிடும். அரசு பஸ்ல போறவங்களுக்கு இந்த தொல்லையே இல்ல. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மேல தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டு போங்க. அது நம்ம முருகனோட மலை, நாம குப்பை போடவும் கூடாது.

வாந்தி வர்றவங்கள முன் சீட்ல உக்கார வைங்க, காலையில ரெண்டு இட்லியோட நிறுத்திக்கங்க. இருட்டுறதுக்குள்ள மேல போயிடணும், பனி இறங்கிடுச்சுன்னா முன்னாடி போற வண்டியே தெரியாது, காட்டுமாடு ரோட்ட மறிச்சு நிக்கும்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் கொடைக்கானல் டவுனுக்கு பக்கத்துலயே இருக்கு. 1936ல லீலாவதி ராமநாதன்னு ஒரு அம்மா கட்டுனது. வெளிநாட்டுல பொறந்து, இலங்கை பொன்னம்பலம் ராமநாதன கல்யாணம் பண்ணி, நம்ம சமயத்துக்கே வந்துட்டவங்க. எங்கயோ பொறந்த ஒருத்தர இந்த மலைக்கு கூட்டிட்டு வந்து தனக்கு கோயில் கட்ட வச்சிருக்கான் முருகன் பாருங்க, நினைச்சா எனக்கு உடம்பு சிலிர்க்கும். இங்க காலையிலயே போங்க. பத்து மணிக்கு மேல டூர் வண்டிங்க வந்து குவிஞ்சிடும், அதோட காலையில மேகம் இல்லாம இருந்தா கோயிலுக்கு பின்னாடிலேந்து கீழ சமவெளியில பழனி மலைய பாக்கலாம். முந்தின நாள் காலையில நாம நின்ன இடம் அங்க குட்டியா தெரியுது. அம்மா அங்கேந்தே கை கூப்பினாங்க, பக்கத்துல செல்பி எடுத்துட்டு இருந்த காலேஜ் பிள்ளைங்ககூட "அதுவா பழனி?"ன்னு கேட்டு கும்பிட்டுச்சுங்க. இந்த மலையில பூக்குற குறிஞ்சிப்பூ 12 வருஷத்துக்கு ஒரு தடவதான், 2018ல பூத்துச்சு, இனி 2030. அந்த வருஷம் வர நினைக்கிறவங்க ரூம இப்பவே மனசுல குறிச்சிக்கலாம்.

பூம்பாறை அங்கேந்து இன்னும் ஒரு 20 கிலோமீட்டர். அப்சர்வேட்டரி தாண்டி போற ரோடு, சின்ன ரோடு, பஸ்ஸும் டவுன்லேந்து இருக்கு, ஆனா அடிக்கடி கிடையாது, திரும்பி வர்ற பஸ் நேரத்த கண்டக்டர்ட்டயே கேட்டு வச்சிக்கங்க. மதியத்துக்குள்ள கோயிலுக்கு போயிடற மாதிரி கிளம்புங்க. குழந்தை வேலப்பரையும் போகர்தான் செஞ்சாருன்னு சொல்றாங்க, இது தசபாஷாணம், பத்து பாஷாணம் சேந்தது. அருணகிரிநாதர் இங்க தூங்கிட்டு இருந்தப்ப ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம், முருகன் கொழந்தையா வந்து அவர் பக்கத்துல படுத்துக்கிட்டானாம், தாயும் பிள்ளையும் தூங்குதுன்னு நினைச்சு அவ போயிட்டாளாம், அதுலேந்து குழந்தை வேலப்பர். பெரியப்பா பிள்ளைங்கள மடியில உக்கார வச்சு இந்த கதைய சொன்னாரு, சின்னவன் "அப்ப முருகன் என்ன விட சின்னவனா தாத்தா?"ன்னு கேட்டான். பழனில வரிசை தள்ளிட்டே போகும், இங்க சாதாரண நாள்ல யாரும் விரட்ட மாட்டாங்க, வேண்டிய மட்டும் நின்னு கும்பிடலாம். வெளிய வந்தா வயக்காட்டுல வெளைஞ்ச மலைப்பூண்டு விப்பாங்க, அதுக்கும் புவிசார் குறியீடு இருக்கு, அந்த ஊர் அக்காங்ககிட்டயே வாங்குங்க, பேரம் பேச வேண்டாம்.

இறங்குறப்ப ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்க மட்டும் நம்பி இறங்குனா சூடாகி பிடிக்காம போயிடும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. மதுரை, திண்டுக்கல் பக்கம் போறவங்க வத்தலக்குண்டு ரோட்டுல இறங்கிடலாம், திரும்ப பழனி போக வேண்டியதில்ல. ரயில்னா கொடைரோடு ஸ்டேஷன், ஆனா மலையிலேந்து அது 80 கிலோமீட்டர், சனி ஞாயிறு இறங்குறதுக்கே ரொம்ப நேரம் புடிக்கும், ரயிலுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடி கிளம்புனாதான் நிம்மதி.

ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைச்சிருக்குன்னா மூணையும் போட்டு திணிக்காதீங்க, பெரியவங்க தாங்க மாட்டாங்க. அடிவாரமும் மலையும் மட்டும் பாருங்க, கிரிவலம் ஒரு சுத்து வாங்க. வேலப்பர அடுத்த லீவுக்கு தனியா போய் பாத்துக்கலாம்.