மெர்வ் நகரத்துப் புத்தகங்கள்

ரெண்டு நாளா மெர்வ் நகரம் மனசை விட்டுப் போகல. நிஷாப்பூர், ஹெராத், பல்க் மாதிரி குராசானின் (கிழக்கு ஈரானும் அதை ஒட்டிய மத்திய ஆசியாவும் சேர்ந்த பழைய நிலப்பகுதி) பெருநகரங்களில் ஒன்று. இன்று துர்க்மெனிஸ்தானில், பாலைவன விளிம்பில் மண்மேடுகளாகக் கிடக்கிறது. கலீபா மாமூன் பாக்தாத் போவதற்கு முன் சில வருடம் இங்கிருந்துதான் ஆண்டார். பிறகு செல்ஜுக் என்ற துருக்கிய வம்சத்துச் சுல்தான் சஞ்சாரின் தலைநகர்.

எனக்கு அரசர்களைவிட, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தங்கியிருந்த புவியியல் எழுத்தாளர் யாகூத் அல்-ஹமவிதான் முக்கியம். சிறு வயதில் அடிமையாக ஒரு பாக்தாத் வணிகரிடம் போனவர், விடுதலையான பிறகு ஏடுகளைப் பிரதி எடுத்தும் புத்தகம் விற்றும் பிழைத்தவர். மெர்வில் அப்போது வக்ஃபாக (அறக்கொடையாக) விடப்பட்ட பத்து நூலகங்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் சுமார் 12,000 தொகுதிகள்! தன் வீட்டில் எப்போதும் இரவல் வாங்கிய 200 புத்தகங்களுக்குக் குறையாமல் இருந்தன, பெரும்பாலும் ஈடு எதுவும் வாங்காமலே கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். வெளியூர்க்காரர், முன்னாள் அடிமை. அவரை நம்பி அத்தனை புத்தகம்! இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

மங்கோலியர் வரவில்லையென்றால் சாகும்வரை அங்கேயே இருந்திருப்பேன் என்றும் சொல்கிறார். அவர் தப்பி மேற்கே போனார். 1221-ல் செங்கிஸ்கானின் மகன் தோலூயியிடம் நகரம் சரணடைந்தது. உயிருக்கு உத்தரவாதம் என்று நம்பி வெளியே வந்த மக்களை வெட்டிச் சாய்த்தார்கள். பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் லட்சக்கணக்குகளை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் நகரம் அழிந்தது உண்மை.

சஞ்சாரின் கல்லறை மாடம் இன்னும் நிற்கிறது. ஒரு நாள் பயண தூரத்திலிருந்தே தெரியும் என்று யாகூத் எழுதிய அதன் நீலக் கூரைதான் இல்லை.